ஒரே அடுப்பு, ஒரே சோறு: எனக்கு மட்டும் ஏன் சதை போடுகிறது?

தறிச்சத்தம் | திங்கள், இரவு 11.10

இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாவிட்டால் தூக்கம் வராது.

எங்கள் ஊர் சென்னிமலைக்குப் பக்கம். கூட்டுக் குடும்பம். மாமனார், மாமியார், நாங்கள், கொழுந்தனார் குடும்பம் என்று எல்லோருக்கும் ஒரே அடுப்பு. எனக்கு 36 வயது, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. என் ஓரகத்திக்கு 33 வயது, ஏறக்குறைய அதே உயரம், 47 கிலோ. நான் ஆக்கும் அரிசி பருப்புச் சாதத்தைத்தான் அவளும் சாப்பிடுகிறாள். மேலே ஒரு கரண்டி நெய்யும் விட்டுக்கொள்கிறாள். நான் நெய்க் கிண்ணத்தைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது.

தை மாதத்திலிருந்து தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கோயில் படி 1320-ஐயும் ஏறி இறங்குகிறேன். நான்கு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. அதற்காக நான் விட்டுக்கொடுத்தவை எனக்குத்தான் தெரியும். பிறகு சித்திரையில் இரண்டு கல்யாணம், ஒரு பயணம். பத்து நாள். வந்து தராசில் நின்றால் 2.4 கிலோ திரும்பி ஏறியிருக்கிறது. நான்கு மாத உழைப்பைப் பத்து நாள் விழுங்கிவிட்டது. அதே பத்து நாள் என் ஓரகத்தியும் அதே பந்திகளில்தான் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்று ஒரு சீமந்த வீட்டில் நாங்கள் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் வந்து, “வீட்டுச் சோற்றையெல்லாம் நீயே சாப்பிட்டுவிடுகிறாயா? சின்னவளுக்கும் கொஞ்சம் மிச்சம் வை” என்றார். சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஓரகத்தியும் சிரித்தாள். அன்று காலையிலிருந்து நான் சாப்பிட்டது இரண்டு இட்லி. இலையில் விழுந்த லட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து கை கழுவினேன்.

எனக்கு ஓரகத்தி மேல் பிரியம் உண்டு. என் பிரசவத்தின்போது தாய் போலப் பார்த்துக்கொண்டவள். ஆனால் இப்போது அவள் நெய் விடும் சத்தம் கேட்டாலே மனம் கசக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. எடையைவிட இந்தக் கசப்பு பெரிதாகிக்கொண்டு வருகிறது. இதிலிருந்து யாராவது மீண்டிருக்கிறீர்களா?

பனங்காடு | திங்கள், இரவு 11.48

சகோதரி, உண்மையைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. உடம்பு காற்றிலிருந்து சதையை உண்டாக்காது. நான் 96 கிலோ இருந்தவன். பதினான்கு மாதத்தில் 78-க்கு வந்தேன். தினமும் சாப்பிடுவதை ஒரு நோட்டில் எழுதினேன், அவ்வளவுதான். ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். சமைக்கும்போது ருசி பார்ப்பது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததைச் சாப்பிடுவது எல்லாம் கணக்கில் வர வேண்டும். மற்றவரைப் பார்ப்பதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கொடிமுல்லை | செவ்வாய், காலை 6.20

அந்தப் பெரியம்மா உங்களைச் சொன்ன அதே வாயால் உங்கள் ஓரகத்தியையும் சொல்லியிருக்கிறார். கவனித்தீர்களா? நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

மதுரைச் செவிலி | செவ்வாய், இரவு 9.35

தறிச்சத்தம், நான் இருபது வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் சர்க்கரை நோய்ப் பிரிவில். உங்கள் பதிவைக் காலையிலேயே படித்துவிட்டேன். பணி முடிந்து நிதானமாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

முதலில் அந்த 2.4 கிலோ. ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 2.4 கிலோவுக்கு 18,500 ஆகிறது. அதாவது பத்து நாளும் உங்கள் வழக்கமான ஒரு நாள் சாப்பாட்டின் மேல் இன்னொரு நாள் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். கல்யாணச் சாப்பாட்டில் உப்பு அதிகம், மாவுச்சத்தும் அதிகம். மாவுச்சத்து கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாகப் போகும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நீர் கோக்கும். உங்கள் நான்கு மாத உழைப்பு எங்கும் போகவில்லை. அடுத்த வாரம் எடை பாருங்கள்.

இரண்டாவது, பனங்காடு சொன்னது. உடம்பு காற்றிலிருந்து சதையை உண்டாக்காது என்பது சரிதான். ஆனால் ஒரே அளவு சோற்றிலிருந்து எல்லா உடம்பும் ஒரே அளவு சதையை உண்டாக்குவதும் இல்லை. கனடாவின் கியூபெக்கில் கிளோட் பூஷார் என்பவரின் குழு இதை நேரடியாகச் சோதித்து 1990-இல் வெளியிட்டது. ஒரே கருவில் பிறந்த 12 ஜோடி இரட்டைச் சகோதரர்களைத் தங்கவைத்து, வாரத்தில் ஆறு நாள் வீதம் 84 நாட்களுக்குத் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். குறைவாக ஏறியவருக்கு 4.3 கிலோ. அதிகமாக ஏறியவருக்கு 13.3 கிலோ. அதே கூடுதல் உணவுக்கு மூன்று மடங்கு வித்தியாசம். ஆனால் ஒரே ஜோடியில் இருந்த இரண்டு பேருக்கும் ஏறிய எடை பெரும்பாலும் நெருக்கமாகவே இருந்தது. அந்த வித்தியாசத்தில் பிறப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதை அதிலிருந்துதான் புரிந்துகொண்டார்கள்.

உங்கள் ஓரகத்தி உங்களுக்கு இரத்த சம்பந்தம் இல்லாதவர். அடுப்பு ஒன்றாக இருக்கலாம், உடம்பு வாகு வேறு.

இன்னொரு ஆய்வு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடந்து 1999-இல் வந்தது. 16 பேர், எட்டு வாரம், அதே 1,000 கலோரி. ஒருவருக்குச் சேர்ந்த கொழுப்பு அரைக் கிலோ கூட இல்லை. இன்னொருவருக்கு நான்கு கிலோவைத் தாண்டியது. கொழுப்பு சேராதவர்கள் உடற்பயிற்சி எதுவும் செய்யவில்லை. அதிகம் சாப்பிட்டதும் அவர்கள் உடம்பு தானாகவே அதிகம் அசைந்தது: நிற்பது, எழுந்து நடப்பது, காலை ஆட்டுவது. இதை அவர்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை, அவர்களுக்கே தெரியாது.

ஒரு வேண்டுகோள். தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனால் சினைப்பை நீர்க்கட்டிக்கும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவினால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோதான். எல்லாப் பழியையும் அதன் மேல் போட முடியாது. ஆனால் இருப்பது தெரியாமல் உடம்போடு மல்லுக்கட்டுவது வீண் வேதனை.

தறிச்சத்தம் | செவ்வாய், இரவு 10.15

சிஸ்டர், நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். கண்ணீர் வந்துவிட்டது. என் கணவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாம் பிறப்பிலேயே எழுதியிருக்கிறது என்றால் நான் எதற்காக அந்த மலையை ஏறுகிறேன்? அவளுக்கு ஒரு நாளும் ஏற வேண்டியதில்லை. ஆயுள் முழுக்க நான் மட்டும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டுமா?

மதுரைச் செவிலி | புதன், காலை 5.50

நியாயம் இல்லைதான். அதை நான் மழுப்ப விரும்பவில்லை. ஒருவர் எட்டு மணி நேர வேலைக்கு வாங்கும் கூலியை இன்னொருவர் நான்கு மணி நேரத்தில் வாங்கினால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலுக்காக உங்களைக் கெட்டவள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் மலை ஏறுவது எதற்காக என்று கேட்டீர்கள். அதற்குச் சென்னையிலிருந்தே பதில் வந்திருக்கிறது. மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரனின் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டது. எந்த மாற்றமும் செய்யாதவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். நடையையும் உணவு முறையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39 சதவீதம்தான். இதில் நான் என் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: திருத்திக்கொண்ட அந்தக் கூட்டத்தின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தராசு முள் அசையவில்லை. உள்ளே நோய் தள்ளிப்போனது.

நீங்கள் ஏறும் ஒவ்வொரு படிக்கும் தொடைத் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. அந்த வேலை தராசில் தெரியாது.

அதற்காக 68 கிலோ பரவாயில்லை என்று உங்களிடம் பொய் சொல்லவும் மாட்டேன். உங்கள் உயரத்துக்கு அது அதிகம். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவுதான் முக்கியம். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90-ஐயும் தாண்டக் கூடாது. ஒரு தையல் டேப் போதும். மாதம் ஒரு முறை, தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அளந்து எழுதுங்கள்.

கடலோரத் தென்னை | புதன், பிற்பகல் 2.05

அக்கா, எனக்கு 27 வயது. கன்னியாகுமரி மாவட்டம். இதை முதல் முறையாக வெளியே எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு எனக்கு மனநோய் வந்தது. எந்த நோய் என்று எழுத விருப்பமில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரை என்னை மீட்டது. தூங்கினேன், சாப்பிட்டேன், மறுபடியும் மனிதர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினேன். ஆனால் எட்டு மாதத்தில் 14 கிலோ ஏறிவிட்டது. பசி என்றால் அப்படி ஒரு பசி. சாப்பிட்டு முடித்துக் கை காய்வதற்குள் மறுபடியும் பசிக்கும். ஊரில் யாருக்கும் நோய் தெரியாது. அதனால் எல்லோரும், “வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்து தின்கிறான்” என்றார்கள். என் கூடப் படித்த பையன்களின் படங்களைக் கைப்பேசியில் பார்ப்பேன். எல்லோரும் அப்படியே இருந்தார்கள். நான் மட்டும் வேறு ஆள் போல் இருந்தேன்.

ஒரு நண்பனின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமே என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். எடை ஆறு கிலோ குறைந்தது. கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. அன்று நான் மருத்துவமனையில் இருந்தேன். என் அப்பா வராந்தாவில் தரையில் படுத்திருந்தார்.

இப்போது மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மருந்தை மெல்ல மெல்ல வேறொன்றுக்கு மாற்றினார். எடை ஏறாமல் இருக்கவும் ஒரு மாத்திரை சேர்த்தார். முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே செய்திருப்பார். கேட்க வெட்கமாக இருந்தது. மருந்தினால் எடை ஏறும் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சண்டை போட்டாவது கேளுங்கள்.

மதுரைச் செவிலி | புதன், இரவு 8.40

தம்பி, நீங்கள் எழுதியது ஒருவரையாவது காப்பாற்றும். மனநல மருந்துகள் சிலவற்றுக்கும், ஸ்டீராய்டுக்கும், இன்சுலினுக்கும் எடையை ஏற்றும் தன்மை உண்டு. அதைக் கேட்பது நோயாளியின் உரிமை. அப்பாவுக்கு என் வணக்கம்.

கொடிமுல்லை | புதன், இரவு 9.25

அன்று பாதியில் விட்டதை எழுதுகிறேன். நான் அந்த ஓரகத்தியின் பக்கத்தைச் சேர்ந்தவள். 44 கிலோ.

பள்ளியில் என் பெயர் ஒல்லிக்குச்சி. பெண் பார்க்க வந்தவர்கள், “பெண்ணுக்கு ஏதாவது நோய் உண்டா” என்று என் எதிரிலேயே கேட்டிருக்கிறார்கள். கல்யாணமான பிறகு, “உன் மாமியார் சோறு போடுவதில்லையா” என்பார்கள். அதைக் கேட்டு மாமியாரும் என் மேல் கோபப்படுவார். உடம்பு போடுவதற்காகப் பேரீச்சம்பழம், நேந்திரம்பழம், முட்டை, ஒரு கடையில் வாங்கிய சத்துமாவு என்று நான் சாப்பிடாதது இல்லை. அந்தப் பெரியம்மா சொன்னதில் உங்களுக்கு ‘எல்லாவற்றையும் நீ தின்கிறாய்’ என்பது கேட்டது. உங்கள் ஓரகத்திக்கு ‘நீ பட்டினி கிடப்பவள் போல் இருக்கிறாய்’ என்பது கேட்டிருக்கும். அவர் சிரித்தது ஏன் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். சிரிக்காவிட்டால் அடுத்த சொல் தன் மேல் விழும். நானும் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

இன்னொன்று. என்னைப் பார்த்து ஏக்கப்பட்ட தோழிகள் நிறைய. “உனக்கு என்ன, எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்” என்பார்கள். நானும் நம்பினேன். காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை. 31 வயதில் கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை கண்டுபிடித்தார்கள். பிரசவத்துக்குப் பிறகும் அது போகவில்லை. இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். என் எடை இன்னமும் 44தான். ‘ஒல்லியாக இருப்பவளுக்குச் சர்க்கரையா’ என்று இன்றும் கேட்கிறார்கள்.

மதுரைச் செவிலி | புதன், இரவு 10.10

கொடிமுல்லை சொன்னதை எங்கள் பிரிவில் வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்க்கிறேன். பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் அருகருகே போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண்: 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். வெளியே ஒரே அளவு, உள்ளே இரண்டு மடங்குக்கும் மேல். நம் நாட்டவர் பலர் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ப்பவர்கள். ஒருவருடைய தோற்றத்தைப் பார்த்து அவர் உடம்பின் உள்கணக்கைச் சொல்லவே முடியாது.

மண்பானை | வியாழன், காலை 7.15

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? தினமும் கொள்ளு ரசம் குடியுங்கள் சகோதரி. என் சித்தப்பா மாதம் ஆறாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பொடி வாங்கிக் குடித்தார். நான்கு மாதம் குறைந்தது. நிறுத்தியதும் எல்லாம் திரும்பிவிட்டது. அதற்குக் கொள்ளு எவ்வளவோ மேல்.

மதுரைச் செவிலி | வியாழன், காலை 7.40

கொள்ளு நல்ல உணவு. புரதமும் நார்ச்சத்தும் நிறைய. வயிறு நிறையும், சோறு கொஞ்சம் குறையும். அந்த அளவில் நன்மை. சேர்ந்திருக்கும் கொழுப்பைக் கரைக்கும் சக்தி எந்தத் தானியத்துக்கும் கிடையாது. தெளிந்த ரசத்தைவிடக் கொள்ளுப் பருப்பாகக் கடைந்து சாப்பிடுவது நல்லது. கொங்கு நாட்டுப் பெண்ணுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பனங்காடு | வியாழன், இரவு 9.05

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடுமையாக இருக்கிறது. வருத்தப்படுகிறேன் சகோதரி.

ஒன்றை மறைத்தும் விட்டேன். 78-க்கு வந்தேன் என்று எழுதினேன். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது 86. நோட்டில் எழுதுவதை நான் நிறுத்தவில்லை. அன்று குறைந்த அதே சாப்பாட்டுக்கு இன்று ஏறுகிறது. யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் அலுவலகத்தில் பத்துப் பேருக்கு நான்தான் உதாரணம். உங்கள் பதிவைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் உங்கள் மேல் வந்தது இல்லை.

ஆனாலும் ஒரு கருத்தை விட மாட்டேன். எல்லாம் வாகு என்று சொல்லிவிட்டால் பலர் முயற்சியையே விட்டுவிடுவார்கள். என் அண்ணன் அப்படித்தான் விட்டார். 49 வயதில் மாரடைப்பு. உயிர் பிழைத்தார். அதனால்தான் நான் நோட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

மதுரைச் செவிலி | வியாழன், இரவு 9.50

பனங்காடு, உங்கள் கவலை முழுக்க நியாயமானது. நோட்டை விடாதீர்கள். ஆனால் 86 உங்கள் தோல்வி என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவில் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அதைவிட வியப்பானது, அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தி, அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்கிறது. நீங்கள் அதே சாப்பாட்டுக்கு ஏறுகிறது என்று சொன்னது பொய்யே இல்லை. 96-இல் இருந்தவர் இன்று 86-இல் நிற்கிறீர்கள். அந்தப் பத்துக் கிலோவை உங்கள் இதயம் தினமும் சுமக்காமல் இருக்கிறது. அண்ணனையும் மெல்ல நடக்கக் கூட்டிப் போங்கள், அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

தறிச்சத்தம் | வெள்ளி, இரவு 11.30

பனங்காடு அண்ணா, நீங்கள் எழுதியதில் எனக்குக் கோபமே இல்லை. அந்த நோட்டு யோசனையை நான் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதைச் சாப்பிடுவதும் உண்மைதான். ஒரு நாளைக்கு ஒன்றரைத் தோசை வருகிறது.

முதல் பதிவில் எழுதாத ஒன்றை இன்று எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு 11 வயதில் ஒரு மகள். இன்று காலை இரண்டாவது தோசையைத் தட்டில் வைத்தேன். “வேண்டாம் அம்மா” என்றாள். ஏன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “நான் பெரியவளானால் உன்னைப் போல் ஆவேனா, சித்தியைப் போல் ஆவேனா?”

என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. பள்ளி வாகனம் வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன். நான் தராசில் ஏறி நின்று முகம் சுளித்தது, கண்ணாடி முன் சேலையை இழுத்து இழுத்து மூடியது, “என் உடம்பைப் பார்” என்று கணவரிடம் புலம்பியது எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்தப் பெரியம்மா என்னிடம் சொன்னதை நான் தினமும் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் காது கேட்க.

வெண்ணாற்றங்கரை | சனி, காலை 10.20

அம்மா, நான் தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியை. 26 வருடமாக ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறேன். உங்கள் மகளின் கேள்வி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

அந்த வயதில் பெண் பிள்ளைகள் உயரத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயோ கூடவேயோ பூசினாற்போல ஆவார்கள். வளர்ச்சிக்கு உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அப்போது சாப்பாட்டைக் குறைத்தால் உயரமும் எலும்பும் பாதிக்கும். என் வகுப்பில் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கூப்பிட்டு விசாரித்தால் பெரும்பாலும் வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல்லில் போய் நிற்கும்.

இன்று மாலையே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நேற்றுப் பதில் சொல்லாமல் போனதை அவள் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டிருப்பாள். “நீ என்னைப் போலவும் ஆகலாம், அப்பாவின் அம்மாவைப் போலவும் ஆகலாம், எப்படி ஆனாலும் மலை ஏறும் கால் உனக்கு வேண்டும்” என்று என் மகளிடம் நான் சொன்னேன். உங்கள் வார்த்தை உங்களுக்கு வரும்.

ஒப்பிடுவதைப் பற்றியும் எழுத வேண்டும். ‘மற்றவரைப் பார்க்காதே’ என்று சொல்வது எளிது, முடியாத காரியம். நாம் எல்லோரோடும் நம்மை ஒப்பிடுவதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். உளவியலில் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதியதும் இதுதான்: நமக்கு நெருக்கமாக, நம்மை ஒத்தவராகத் தெரிபவரோடுதான் ஒப்பிடுவோம். விளம்பரத்தில் வரும் பெண்ணைப் பார்த்து உங்கள் மனம் கசக்கவில்லை. ஒரே வீடு, ஒரே உயரம், ஒரே அடுப்பு என்பதால்தான் ஓரகத்தியைப் பார்த்துக் கசக்கிறது. எனக்கு என் அக்கா அப்படி இருந்தாள். பார்ப்பதை நிறுத்த என்னால் முடியவில்லை. ஆனால் அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது எவ்வளவு குறைவு என்பது, அவளோடு ஒரு மாதம் தங்கி அவளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பணிவிடை செய்தபோதுதான் தெரிந்தது. அதுவரை நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய இடுப்பை மட்டும்.

கொடிமுல்லை சொன்னதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஓரகத்தியிடமே பேசிப் பாருங்கள்.

சபையில் யாராவது மறுபடியும் அப்படிச் சொன்னால், நான் ஒரே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். முகத்தைப் பார்த்து, குரல் உயர்த்தாமல், “அந்தப் பேச்சு எனக்கு வருத்தமாக இருக்கிறது, வேறு பேசுவோம்” என்பேன். சிரித்துக்கொண்டு சொல்லக் கூடாது. சிரித்தால் விளையாட்டு என்று எடுத்துக்கொள்வார்கள்.

கடலோரத் தென்னை | சனி, மாலை 6.00

டீச்சர், அந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டேன்.

தறிச்சத்தம் | அடுத்த வாரம் புதன், இரவு 10.40

ஒன்பது நாளாயிற்று. சிஸ்டர் சொன்னபடி பயணத்தில் ஏறியதில் 1.9 கிலோ தானாக இறங்கிவிட்டது. நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. தராசை மாமனார் அறைக்கு மாற்றிவிட்டேன். இனி மாதம் ஒரு முறை, டேப்போடு சேர்த்து. இடுப்பு இப்போது 91. எழுதி வைத்திருக்கிறேன்.

மகளிடம் சனிக்கிழமையே பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று சொல்ல முடியாது, நடுவில் அழுதுவிட்டேன். என் உடம்பை நானே திட்டியது தப்பு என்று சொன்னேன். அவள் என் கையைத் தடவிக்கொண்டே கேட்டாள். தோசை விஷயத்தில் இன்னும் பழையபடி ஆகவில்லை. தினமும் வைக்கிறேன், வற்புறுத்துவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தியை மலைக்குக் கூப்பிட்டேன். உடனே வந்தாள். பாதிப் படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. மண்டபத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. பயந்துவிட்டேன். என் முந்தானையால் விசிறினேன். அங்கேதான் சீமந்த வீட்டுப் பேச்சை எடுத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “அக்கா, அன்று நான் சிரித்திருக்கக் கூடாது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை” என்றாள். பிறகு அவளுக்கு வந்த நான்கு சம்பந்தம் ‘எலும்பும் தோலுமாக இருக்கிறாள்’ என்று தட்டிப்போன கதையைச் சொன்னாள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் எனக்கு அது தெரியாது. நெய் ஊற்றிக்கொள்வது ருசிக்காக இல்லையாம். எப்படியாவது கொஞ்சம் உடம்பு போட வேண்டும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியதாம். அவளுக்கு நெய் வாசனையே பிடிக்காதாம்.

நான் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவள் மண்டபத்திலேயே இருந்தாள். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

இன்னும் கசப்பு முழுவதும் போகவில்லை. நேற்று ஒரு துணிக்கடையில் அவளுக்குச் சரியாக இருந்த ஆயத்த ரவிக்கை எனக்குக் கைக்கே ஏறவில்லை. அந்த நிமிடம் அதே பழைய எரிச்சல் வந்தது. ஆனால் இந்த முறை அவளிடமே, “எனக்கு வருத்தமாக இருக்கிறது” என்று சொன்னேன். “வாங்க அக்கா, துணி எடுத்துத் தைத்துக்கொள்வோம்” என்றாள்.

சிஸ்டர், நாளை மறுநாள் இருவரும் சேர்ந்தே ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். வெறும் வயிற்றில் போக வேண்டுமா? அவளுக்கு வேறு ஏதாவது சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

மதுரைச் செவிலி | புதன், இரவு 11.05

சர்க்கரைக்கு எட்டு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். தைராய்டுக்கு அது கட்டாயமில்லை, ஒரே ஊசியில் எடுத்துவிடுவார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை இருவருக்கும் பாருங்கள். உங்கள் ஓரகத்திக்கு ஹீமோகுளோபின் கட்டாயம் பார்க்க வேண்டும். உதடு வெளுத்து மூச்சு வாங்கியது என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார். முடிவு வரும் வரை அவரைப் படி ஏறவிடாதீர்கள். ரத்தம் கொடுத்ததும் சாப்பிட இரண்டு பேருக்கும் இட்லி கட்டிக்கொண்டு போங்கள்.